நாரத்தை இலைச் சாறு

நாரத்தை இலை, பச்சை மஞ்சள், பூண்டு மூன்றையும் தெரசம்மாள் அம்மியில் அரைக்கும் வாசனை வந்ததுமே லீலா மேரிக்கு வயிறு எரிந்தது. கொழுந்தன் பெண்டாட்டி. வரதராசன்பேட்டையிலிருந்து வாக்கப்பட்டு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊரெல்லாம் அவள் கைராசிப் பேச்சுதான். அப்படி என்னதான் இருக்கிறதாம் அந்தக் கையில்?

விடிந்தால் சந்தியாகப்பர் திருநாள். நேர்ச்சை ஆடுகளைச் சாயங்காலமே அறுத்து, கறியை இரண்டு பானையாக்கி இந்த வீட்டு மருமகள்களிடம் விடுவது வழக்கம். காலைப் பூசை முடிந்ததும் உபதேசியார் வந்து முகர்ந்து பார்ப்பார். கெடாத பானைக்காரிதான் ஊர்கூடிச் சாப்பிடும் அசனத்து அண்டாவில் முதல் கரண்டி போடவேண்டும். இரண்டும் கெடவில்லையென்றால் அந்த மரியாதை மூத்தவளுக்கு. மாமியார் கண்ணை மூடியதிலிருந்து லீலா மேரிதான் போட்டுவந்தாள். போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், ஜப்பான்காரன் சண்டைக்குப் பயந்து உலகத்து வெயிலெல்லாம் செந்துறைப் பக்கம் வந்து ஒதுங்கியதோ என்னவோ, உப்பு மட்டும் போட்ட அவள் பானை நாறிவிட்டது. சாறு தடவிய தெரசம்மாள் பானை அப்போதுதான் அறுத்த மாதிரி இருந்தது. இந்த வருஷமும் கெட்டால் கறிப்பானை இனி லீலா மேரியிடம் வராது.

"அக்கா, இந்தக் கலயம் ஒங்க பானைக்கு. அது எனக்கு. எலும்புச் சந்தெல்லாம் படுற மாதிரி அழுத்தித் தடவுங்க" என்று சொல்லிவிட்டுத் தெரசம்மாள் குடத்தோடு கிணற்றுக்குப் போனாள்.

இரண்டும் ஒரே அளவுக் கலயம்தான். லீலா மேரி நின்று பார்த்தாள். நல்லதைத் தூக்கி ஓரகத்திக்குக் கொடுக்கிறவள் உலகத்தில் உண்டா? தனக்கென்று வைத்துக்கொண்டதுதான் அசலாக இருக்கும். கள்ளி! சட்டென்று இரண்டையும் மாற்றி வைத்தாள். மாற்றி எடுத்ததைத் தன் பானைக் கறியில் அழுத்தித் தடவி மூடியதும் மனசு குளிர்ந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்து திறந்தால், அவள் பானையிலிருந்து குப்பென்று வாடை அடித்தது. தெரசம்மாள் குனிந்து முகர்ந்தாள். ஓடிப்போய்த் தன் பானையைத் திறந்து பார்த்தாள். அது அப்படியே இருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"முதச் சாற ஒங்களுக்குத்தானக்கா ஊத்தி வச்சேன்? நான் வச்சுக்கிட்டது சக்கையில தண்ணி ஊத்திப் புழிஞ்ச ரெண்டாஞ் சாறு. இந்த வருஷமாவது நீங்க கரண்டி போடணும்னு..."

அதற்குள் வாசலில் உபதேசியார் ஞானமுத்துவின் இருமல் கேட்டது. தெரசம்மாள் தன் பானையை லீலா மேரி காலடிக்குத் தள்ளினாள். நாறினதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது அக்கா பானைங்க. என்னுதுதான் கெட்டுப்போச்சு."

உபதேசியார் முகர்ந்துவிட்டுச் சிரித்தார். "மூத்தவ மூத்தவதான்! வாம்மா, வந்து கரண்டியப் புடி."

அண்டா முன்னால் போய் நின்றபோது லீலா மேரிக்குச் சந்தோஷமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாளே என்ற ஆங்காரம்தான் வந்தது. தெரசம்மாள் அந்த நாறின பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தை நோக்கி நடந்தாள். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளுக்கு வழிவிட்டார்கள். "போடும்மா, போடும்மா" என்று எல்லோரும் அவசரப்படுத்த, லீலா மேரியின் கையில் கரண்டி ஆவிக்கு மேலே அப்படியே நின்றது.