ஓரம்

மரவேரில் கால் தடுக்கிக் கணவர் மூன்றாவது முறையாக விழப்போனபோது அவள் சிரிக்கவில்லை. முதல் இரண்டு முறை சிரித்திருந்தாள். "பஸ் ஓட்டிப் பழகின காலு, நடக்க மறந்துடுச்சு" என்று அவரே சொல்லி முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். இருபது வருடம் ஒரு விபத்துகூட இல்லாமல் ஓட்டியதற்குக் கம்பெனி கொடுத்த பரிசு இது. வனப்பூங்காவில் இரண்டு நாள், ஒரு கூடாரம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி அவள் லீவு வாங்கியிருந்தாள்.

கூடாரம் அடிக்கும்போது, காலுக்குப் பக்கத்திலேயே கிடந்த முளைக்குச்சியைத் தரையெல்லாம் தடவித் தேடினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாரே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் ஓடை தேங்கும் குளத்தில் இறங்கினார்கள். தண்ணீர் பாதி வெயிலிலும் பாதி மரநிழலிலும் கிடந்தது. அவர் ஒரு முங்கு போட்டு எழுந்து, "எங்க இருக்க?" என்றார். கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில்தான் அவள் நின்றிருந்தாள். விளையாடுகிறார் என்று பேசாமல் இருந்தாள். மறுபடி கூப்பிட்டபோது குரல் உடைந்திருந்தது. அவள் பெயரைக் கூவிக்கொண்டே எதிர்ப்பக்கம் திரும்பி ஆழத்தை நோக்கி நீந்த ஆரம்பித்தார். அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

பாறையில் ஏறி உட்கார்ந்தபின் கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம் இருக்கும்." துண்டின் நுனியை முறுக்கினார். "நேரா பார்த்தா பளிச்சுனு தெரியுதுடி. ஓரந்தான் கொஞ்சம் மறைக்குது."

"ஓரத்துலதானேங்க ஆளுங்க நடக்குறாங்க."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன மாசம் ஒரு பொண்ணு. தள்ளுவண்டியில குழந்தை. நான் பார்த்து பிரேக் போடல. பஸ்ல இருந்தவங்க கத்தினாங்க, போட்டேன்."

போன மாதம் ஒரு மாலை அவர் வீட்டுக்கு வந்து, பசியில்லை என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது இப்போது அவளுக்குப் புரிந்தது.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம்."

"போனா அன்னிக்கே வண்டிய விட்டு இறக்கிடுவாங்க. வீட்ல உக்காந்து நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவருக்கு முதல் டிரிப். அடுத்த டிரிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை, அவர் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய சட்டைப் பையிலிருந்து, அவர் ஓட்டி வந்த காரின் சாவியை எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனால் அவர் கூட இருக்கும்போது அவள் ஒருநாளும் ஓட்டியதில்லை.

மூட்டைகளைப் பின்னால் ஏற்றிவிட்டு, வழக்கம்போல அவர் டிரைவர் பக்கம் வந்து கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் கதவை மெல்லச் சாத்தினார். பிறகு, பனியில் நனைந்திருந்த பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அதைத் தடவிக்கொண்டே, காரைச் சுற்றி மறுபக்கக் கதவை நோக்கி ஒவ்வொரு அடியாக நடக்கத் தொடங்கினார்.