முதலில் எரியும் கண்

லென்ஸ் போட்டால் வலது கண் மட்டும் எரிந்தது. இடது கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே கடை, ஒரே டப்பா, லென்ஸ் ஊறும் ஒரே கரைசல். பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை?

கட்டடம் கட்டுமிடத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறவளுக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. உச்சியில் சின்ன அறையில் உட்கார்ந்து, காலுக்கடியில் தெரியும் தரையைக் குனிந்து பார்த்தபடியே கம்பிக்கட்டுகளை இறக்க வேண்டும். குனியக் குனிய மூக்குக்கண்ணாடி வழுக்கும். ஒருநாள் அது மூக்கு நுனிக்கு வந்து, கீழே நின்ற ஆட்களின் தலைகள் கலங்கித் தெரிந்தன. அன்றே லென்ஸுக்கு மாறிவிட்டாள். இப்போது வாரக் கடைசியில் வேலையிடத்தில் கண் பரிசோதனை. சிவந்த கண்ணோடு போனால் ஏணியில் கால் வைக்க விடமாட்டார்கள்.

புது லென்ஸ் போட்டாள். எரிந்தது. கரைசலை மாற்றினாள், டப்பாவை மாற்றினாள். அப்போதும் எரிந்தது. மிச்சமிருந்தது ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த நாத்தனார்தான்.

"அண்ணி, என் டப்பாவைத் தொட்டீங்களா?"

நாத்தனார் தோள்வலிக்குத் தைலம் தேய்த்த கையைக் குளியலறைத் துண்டில் துடைத்தபடி திரும்பினாள். "ஆமா, கிரேன்காரி கண்ணுல ஆசிட் ஊத்தத்தான் மூட்டை முடிச்சோட வந்திருக்கேன்!"

"நீங்க வந்த அன்னிலேர்ந்துதான் எரியுது."

"நீ வந்த அன்னிலேர்ந்துதான் என் தம்பிக்கு முடி கொட்டுது. நான் போலீஸுக்கா போனேன்?"

நடுவில் மாட்டிய கணவன் வழுக்கையைத் தடவிக்கொண்டு வெளியே நழுவினான்.

அன்றிரவு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி தலையணைக்கடியில். மறுநாள் நாத்தனார் வேண்டுமென்றே குளியலறையில் நேரம் கடத்த, உள்ளே போனவள் ஆத்திரத்தில், எப்போதும் முதலில் திறக்கும் வலது மூடியை விட்டு இடது மூடியைத் திறந்துவிட்டாள்.

இடது கண் எரிந்தது. அடுத்துப் போட்ட வலது கண் சும்மா இருந்தது.

அப்படியே நின்றுவிட்டாள். குற்றம் கண்ணில் இல்லை, லென்ஸில் இல்லை. எது முதலோ அதுதான் எரிகிறது. விரலில் இருப்பதை முதல் லென்ஸ் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்த லென்ஸை எடுப்பதற்குள் டப்பாவிலிருக்கும் கரைசல் விரலை அலசிவிடுகிறது. ஆனால் சோப்புப் போட்டுத்தானே கை கழுவினாள்? கழுவிவிட்டு எதில் துடைத்தாள்?

துண்டை முகர்ந்தாள். தைலம் குப்பென்று ஏறியது.

"உங்க தைலம்தான் அண்ணி!" என்று துண்டை நாத்தனார் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நான் என் தோள்ல தடவினேன். எல்லாரும் துடைக்கிற துண்டுல துடைச்ச விரலை உன் கண்ணுக்குள்ள விட்டது யாரு? நானா?"

 அந்தக் கேள்வி தைலத்தைவிட எரிந்தது.

"பழி போட்டதுக்கு மன்னிப்புக் கேளு."

"துண்டைத் துவைச்சுட்டு வாங்க, கேக்கறேன்."

இருவரும் பிறகு பேசிக்கொள்ளவில்லை. கண் மருத்துவர் சொன்னபடி அந்த லென்ஸ்களை எறிந்தாள். சிவப்பு முழுக்க மறையும்வரை மூக்குக்கண்ணாடியோடு கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை பார்த்தாள். பரிசோதனையில் தேறினாள்.

மறுபடி ஏணி ஏறவேண்டிய காலையில் வாசனையில்லாத சோப்பால் கை கழுவினாள். பொதுத் துண்டைத் தொடாமல், பிசிறு உதிராத புதுக் காகிதத் துண்டில் விரல்களை ஈரம் போகத் துடைத்தாள். அதன் பிறகே புது லென்ஸ்கள் இருந்த டப்பாவைத் திறந்தாள். எந்தக் கண்ணும் எரியவில்லை.