திரையில் காய்ச்சிய சாராயம்

ஆர்லீனாவுக்குப் படம் பார்க்கும் ஆசையே இல்லை. மலைக்காரர்கள் எல்லாரும் அமெரிக்காவின் கென்டக்கி மலையூர் சினிமாக் கொட்டகையில் அடித்துப் பிடித்து இடம்போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

போன கோடையில் இந்தப் படத்துக்காக ஹாலிவுட்காரர்கள் மலைக்கு வந்து, நிஜமான கள்ளச்சாராய அடுப்பு கிடைக்குமா என்று விசாரித்தார்கள். வேறு யாராவது என்றால் கையை விரித்திருப்பார்கள். அவள் புருஷன் ஹோபர்ட்டோ, ஓடைக்கரைப் புதரில் ஒளித்து வைத்திருந்த தன் செம்புக் கொப்பரையைப் பளபளவென்று தேய்த்து, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்று படம் பிடிக்க விட்டான். அவ்வளவு புத்திசாலி.

இப்போது அவர்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் புரூயிட். வரி கட்டாமல் காய்ச்சுகிறவர்களைப் பிடிக்கும் அதிகாரி. அந்தக் கொப்பரையைத் தேடி மூன்று முறை மலையேறி வெறுங்கையோடு இறங்கியவர். திரையில் ஹோபர்ட்டைப் பார்த்தால் போதும், இரண்டு வருஷம் உள்ளே தள்ளிவிடுவார்.

அடுப்புக் காட்சி வந்ததும் ஆர்லீனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. மெல்லத் திறந்து பார்த்தாள். ஓடையும் இல்லை, ஹோபர்ட்டும் இல்லை. அட்டைப் பாறைகளுக்கு நடுவே ஒரு தகரப் பீப்பாய் புகைவிட்டுக்கொண்டிருந்தது. நிஜக் கொப்பரை ஹாலிவுட்காரர்களுக்கு நிஜம் மாதிரி தெரியவில்லை போலும். போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

ஹோபர்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "குழாயத் தண்ணித் தொட்டில விடாம எவனாவது..."

அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

புரூயிட் திரும்பினார். "என்னப்பா ஹோபர்ட், என்னமோ சொல்ல வந்த?"

"படத்துல வர்ற பொண்ணு செருப்பில்லாம ஓடுதேன்னு அங்கலாய்க்கிறாருங்க," என்றாள் ஆர்லீனா.

"அத விடும்மா. அந்த அடுப்பப் பாத்தியா? அதுல காய்ச்சினா வெறும் ஆவிதான் வரும். நம்ம மலைல யாரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேக்கத்தானே..." என்று வாயைத் திறந்தான் ஹோபர்ட். ஆர்லீனா ஒரு கை நிறையச் சோளப்பொரியை அள்ளி அதற்குள் திணித்தாள். புரூயிட் சிரித்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஹோபர்ட் உர்ரென்றே வந்தான்.

"இருவது வருஷமாக் காய்ச்சுறேன். என் கொப்பரைய விட அந்தத் தகரம் ஒசத்தியா?"

"ஒசத்திதான்யா," என்றாள் அவள், அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு. "அதனாலதான நீ என்கூட வீட்டுக்கு வர்ற."