மூன்று சென்டிமீட்டர்

அளப்பதில் எங்கள் மாமாவை அடிக்க ஆளே இல்லை. டேப் கூடத் தேவைப்படாது. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி என்ற ஒரே சாக்கில் நான் அவர் வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருப்பதால், அவர் அளப்பதையெல்லாம் தலையாட்டிக் கேட்க வேண்டியவன் நான்தான். இந்த ஊரில் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

என் அறை ஜன்னல் சட்டம் உளுத்துப்போயிருந்தது. விரலால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிரும். ஆள் கூப்பிடலாம் என்றார் அத்தை.

"எதுக்கு ஆளு? நாலு ஸ்க்ரூ, ஒரு சட்டம். இதைப் போய் படிச்சிட்டா வரணும்?"

"போன தடவை குழாய் மாத்துறேன்னு வீட்டையே குளமாக்குனீங்களே."

"அது குழாயோட தப்பு."

மாமாவின் டேப்புக்கு முனை கிடையாது. முதல் மூன்று சென்டிமீட்டர் எப்போதோ ஒடிந்துவிட்டது. புதிது வாங்கினால் கௌரவம் குறைந்துவிடுமாம். "மூணு கழிச்சுக்கணும், மறந்துடாத" என்று நான் ஏணியில் ஏறும்வரை ஏழு தடவை சொன்னார். அளந்தேன், மனதுக்குள் மூன்றைக் கழித்தேன், சத்தமாகச் சொன்னேன். கீழே நின்று அவர் எழுதிக்கொண்டார்.

அந்த அளவைக் கடையில் கொடுத்துச் செய்யச் சொன்ன ஜன்னல் வந்தது. பழையதைப் பெயர்த்துத் தெருவில் போட்ட பிறகுதான் புதியதை வைத்துப் பார்த்தார் அந்த மேதாவி. அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி அது தொளதொளவென்று நின்றது. பக்கத்தில் இரண்டு விரல் நுழைந்தது.

"கடைக்காரன் தப்பா செஞ்சுட்டான். வா, நீதான் சாட்சி. தப்பு பண்ணினவனை நான் ஒரு நிமிஷம் பக்கத்துல வெச்சுக்க மாட்டேன்."

காரில் போகும்போது அளவெழுதிய தாளை என்னிடம் கொடுத்தார். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் கழித்தல் மூன்று, அவர் கையெழுத்தில். நான் கழித்ததை அவரும் கழித்திருக்கிறார். மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

மாமா கத்தி முடிக்கும்வரை கடைப்பெண் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"எந்த டேப்புல அளந்தீங்க?"

ஏதோ விருதை நீட்டுவதுபோல் நீட்டினார்.

"முனையே இல்லியே சார்."

"அதுக்குத்தான் மூணு கழிச்சாச்சே. என்னை என்னன்னு நெனச்சீங்க?"

"யாரு கழிச்சது?"

"நான்தான்."

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "நானும்."

அவள் சிரிக்கவில்லை. டேப்பைப் பூப்போல எடுத்து மாமாவின் கையில் திருப்பி வைத்தாள். சிரித்திருந்தாலே தேவலை.

திரும்பும் வழியெல்லாம் நான் யார் வீட்டுத் தரையில் படுப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். வாசலில் அத்தை நின்றார்.

"என்ன ஆச்சு?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"அந்தக் கடைக்காரங்களுக்கு அளக்கவே தெரியல. விடு, கட்டை வெச்சு அடைச்சுக்கலாம்."

என்னைத் துரத்தினால் அத்தையிடம் காரணம் சொல்லவேண்டும். சொன்னால் மானம் போய்விடும். அவருடைய வீராப்பு இருக்கும்வரை என் அறைக்கு ஆபத்தில்லை.

"என்னடா பாக்குற? கட்டையை அள."

டேப்பை வாங்கிக்கொண்டேன். "மாமா, இந்தத் தடவை யாரு கழிக்கிறது?"

அத்தை காதில் விழுந்ததா என்று அவர் திரும்பிப் பார்த்தார்.