சித்தியாக இருந்த ராணி

பொன்செல்வி செங்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறிக் குற்றாலத்துக் கல்லூரிக்குப் போய் வரலாற்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதிபாய். செங்கோட்டை ஒரு காலத்தில் அந்த ராஜ்ஜியத்து ஊர்தான். அக்கா இறந்ததும், அவள் கைக்குழந்தைகளுக்காகச் சின்ன வயதிலேயே ஆட்சியை ஏற்றவள் பார்வதிபாய். குடிகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று 1817-ல் உத்தரவு போட்டவள்.

மூன்றாம் வருடம் பொன்செல்வியின் அக்கா ஜெபமலர் பிரசவத்தில் போய்விட்டாள். தென்காசி ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றி நீட்டிய ஆண்பிள்ளையைப் பொன்செல்விதான் வாங்கினாள். அத்தான் ஸ்டான்லி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைக்கு ஜெபின் என்று பெயர் வைத்தார்கள். அவனை மடியில் போட்டுக்கொண்டேதான் இரண்டு அத்தியாயம் எழுதினாள். அவள் நெஞ்சில் காதை வைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த ஸ்டான்லி ஞாயிறுதோறும் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

பத்து மாதம் கழித்து அம்மா பேச்செடுத்தாள்.

"ஏட்டி, ஸ்டான்லிய நீயே கெட்டிக்கோ. பிள்ளைக்கு வேற அம்மா எதுக்கு? நீ எழுதுத ராணியும் அக்கா பிள்ளைகள வளத்தவதான?"

"வளத்தாம்மா. அதுக்காக அவள யாரும் அக்கா புருஷனுக்குக் கெட்டி வைக்கல."

அடுத்த ஞாயிறு ஸ்டான்லியே கேட்டார். பொன்செல்வி தலை நிமிரவில்லை.

"உங்களப் பாக்கும்போதெல்லாம் அக்கா பக்கத்துல நிக்கா, அத்தான். என்னால முடியாது. பிள்ளைய நான் வளக்கேன். நீங்க எப்பவும் போல வந்து பாத்துக்கிடுங்க."

ஸ்டான்லி கோபப்படவில்லை. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எம்பிள்ள எங்கூட இருக்கணும்லா, செல்வி."

அந்த வைகாசியில் அவர் பெனிட்டா என்ற பெண்ணைக் கட்டினார். மறுவாரம் இருவரும் வந்து ஜெபினைக் கூட்டிப்போனார்கள். கார் கதவைச் சாத்தியதும் பிள்ளை கண்ணாடியில் கையை வைத்து அலறினான். தெருமுனை திரும்பும் வரை அந்தச் சத்தம் கேட்டது. பொன்செல்வி நாலு மாதம் ஒரு வரி எழுதவில்லை.

பிறகு எழுதி முடித்தாள். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் கேட்டார்: "அக்கா மகன் ஆட்சிக்கு வந்த பிறகு ராணியோட மனநிலை என்ன? நீங்க எழுதவே இல்லையே?"

"பதினாலு வருஷம் ஆண்டுட்டு, மகனுக்குப் பதினாறு ஆனதும் குடுத்துட்டு விலகிட்டாங்க, சார். உள்ளுக்குள்ள என்ன நெனச்சாங்கன்னு நான் பாத்த ஆவணம் எதுலயும் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தார்கள். பட்டம் கிடைத்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டான்லி குடும்பத்தோடு வந்தார். ஜெபினுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. ஜெபமலரின் அதே நெற்றி. பொன்செல்வி கையை நீட்டினாள். அவன் பெனிட்டாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"சித்திடா, போ," என்று பெனிட்டா மெல்லத் தள்ளிவிட்டாள். அவன் மாட்டேன் என்று தலையாட்டி, "அம்மா, தூக்கு" என்றான்.

"புது ஆளுல்லா, பயப்படுதான்," என்று பொன்செல்வி சிரித்தாள். அடுப்படிக்குப் போய் அவனுக்குப் பால் ஆற்றினாள். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டே நின்றாள்.