பேர் எழுதாத சீட்டு

"கடைக்குப் போறப்போ, எத்தனை தடவை உங்க பையைத் திறந்து பார்த்திருக்காங்க? எண்ணிக்கையை மட்டும் எழுதுங்க, பேர் வேண்டாம்" என்றார் சமூகவியல் டீச்சர். பேர் கேட்காவிட்டால் பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள் என்று பயிற்சி முகாமில் சொல்லியிருந்தார்கள். சரக்கைப் பார்க்காமல் வாங்கிய யோசனை.

இருபத்தெட்டு சீட்டு வந்தது. டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். சைபர், சைபர், சைபர். நடுவில் ஒரு சீட்டில் பதினாலு.

இருபத்தேழு தலைகளும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. அங்கே, உயரத்தால் நெட்டை என்று பட்டம் வாங்கியவள் உட்கார்ந்திருந்தாள். அந்த வகுப்பில் வேறு இனம், வேறு நிறம் அவள் ஒருத்திதான். பேர் கேட்காதது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

எதற்கெடுத்தாலும் வாதாடுகிற பையனுக்கு வக்கீல் என்று பட்டம். அவன் சொன்னான்: "பதினாலு தடவையா? நெருப்பில்லாம புகையுமா டீச்சர்?"

நாலு பேர் சிரித்தார்கள். மணி அடித்தது.

சாயங்காலம் நெட்டை ஆசிரியர் அறைக்கு ஒரு படிவத்தோடு வந்தாள். "பி பிரிவுக்குப் போறேன். கையெழுத்து வேணும்."

"அங்கே மட்டும் என்னம்மா?"

"எங்க சித்தப்பா பொண்ணு இருக்கா. ரெண்டு பேரா இருந்தா, சீட்டு யாருதுன்னு கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும்."

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு இரண்டாவது தப்பையும் செய்தார். "நாளைக்கு நீயே எல்லாருக்கும் எடுத்துச் சொல்றியா?"

"கடையில பையைத் திறந்து காட்டறேன். இங்கேயும் காட்டணுமா?"

டீச்சர் கையெழுத்துப் போட்டுப் படிவத்தை அவளிடமே நீட்டினார். "இது உன்னுது. ஆனா ரெண்டு நாள் பொறு."

"ஒரு பீரியட்."

"சரி, ஒரு பீரியட்."

மறுநாள் டீச்சர் வகுப்பில் சொன்னார்: "நேத்து நான் கேட்ட கேள்வி தப்பு. இன்னிக்கு சைபர் எழுதினவங்க மட்டும் எழுதுங்க, பேரோட. அடுத்தவங்க பையைத் திறந்தப்போ நீங்க எங்கே நின்னீங்க?"

பேனாக்கள் நகரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து வக்கீல்தான் எழுந்தான்.

"போன மாசம் நானும் நெட்டையும் ஸ்டேஷனரி கடைக்குப் போனோம். என் பையில பில் போடாத பேனா ரெண்டு இருந்துச்சு. மறந்துட்டேன்."

"மறந்தியா?" என்றது முன் பெஞ்சு.

"...மறக்கலை. அவங்க அவ பையைத்தான் கொட்டிப் பார்த்தாங்க. நான் வாசல்ல நின்னு, 'சீக்கிரம் வா, பஸ் போயிடும்'னு கத்தினேன்."

"அதுல ஒண்ணைத்தானே எனக்குக் கொடுத்தே?" என்றாள் நெட்டை.

அவன் தலையாட்டினான்.

"மறுநாள் அந்தப் பேனாவோட அதே கடைக்குப் போனேன். அன்னிக்கும் பையைப் பார்த்தாங்க. பில் எங்கேன்னு கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?" என்றாள் நெட்டை.

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் உட்காரவும் இல்லை. "நாளைக்குக் கடையில போய்ச் சொல்லிடறேன்" என்றான்.

"இன்னிக்கு" என்றாள் அவள்.

"இன்னிக்கு."

முன் பெஞ்சுக்காரி தன் சீட்டில் எழுத ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் குனிந்தார்கள்.

மணி அடித்ததும் நெட்டை டீச்சர் மேஜைக்கு வந்தாள். "நாளைக்கும் இவங்களைத்தானே கேட்பீங்க?"

"ஆமா. உன்னை இல்லை."

"அப்போ திங்கட்கிழமை வரைக்கும் இருக்கேன். அப்புறம் பார்க்கலாம்."

படிவத்தை அவள் கிழிக்கவில்லை. டீச்சரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.