குடும்பக் கல்லறை

ரிவர்ஸ் ஹாரன் கூவியது.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் காலை ஆறு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால், தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று அர்த்தம். கீழ்வீட்டு சகுந்தலா இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு ஓடி வந்தாள். எதிர் பிளாக்கிலிருந்து நாலைந்து பேர் வாளியோடு இறங்கி, யார் முதலில் என்று தெலுங்கில் சண்டையைக்கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

சந்துக்குள் பின்பக்கமாக வந்து நின்றது ஆம்புலன்ஸ்.

கதவைத் திறந்துகொண்டு செல்வின் இறங்கினான். அவன் கைகளில் ஆஸ்பத்திரிப் போர்வையில் சுற்றிய ஷெரின். ஐந்து வயது. ஒரு கால் மட்டும் போர்வைக்கு வெளியே தொங்கியது. கொலுசைக் கழற்றியிருந்தார்கள்.

சகுந்தலாவின் குடம் ஒன்று நழுவி, சாக்கடை வரை உருண்டு போனது. யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காய்ச்சல். டெங்கு என்றார்கள். இன்று வெள்ளி. எல்லாம் முடிந்துவிட்டது.

செல்வினுக்குப் பின்னால் ஆக்னஸ் இறங்கினாள். எட்டு மாத வயிறு. அழவில்லை. படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். மாடியில் கதவைத் திறந்ததும், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள். தினமும் சொல்கிற மாதிரியே.

*

ஒன்பது மணிக்குள் ஹால் நிறைந்துவிட்டது.

செல்வினுக்கு மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர் வேலை. ஆனால் குகட்பள்ளியில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அவன் வேறு ஆள். வெள்ளிக்கிழமை தோறும் இதே ஹாலில்தான் வீட்டுக்கூட்டம். 'துன்பத்தில் ஆறுதல்' என்று ஆகஸ்டிலிருந்து தொடர் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தான். நன்றாகப் பேசுவான். அமெரிக்காவில் வேலை போனவன், கல்யாணம் நின்றுபோனவள், அப்பாவைப் பறிகொடுத்தவன் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அவர்கள்தான் இன்று வந்திருந்தார்கள். எழுதிக்கொண்டதைத் திருப்பிச் சொன்னார்கள்.

"ஆண்டவர் தப்பு பண்ண மாட்டார் பிரதர்."

"வலிக்குப் பின்னால ஒரு திட்டம் இருக்கு. நீங்கதான் சொல்லுவீங்க."

கடைசியில் தியாகு வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், செல்வின் டீமிலேயே வேலை. போன வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்தவன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. செல்வினின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணா, சரீரம் கழட்டிப் போட்ட சட்டைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. சட்டையப் பார்த்து யாராச்சும் அழுவாங்களான்னு கேட்டீங்களே..."

சுவரோரம் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆக்னஸ் தலையைத் திருப்பினாள்.

"தம்பி, அந்தச் சட்டையை எங்கன வைக்கப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

எல்லோரும் பாஸ்டர் ரத்னத்தைப் பார்த்தார்கள். ரத்னம் நல்லவர். சபை தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஒரு ஃபங்ஷன் ஹாலின் மாடியை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடக்கிறது. நல்ல மைக், நல்ல டிரம்ஸ். வருகிறவர்கள் எல்லோருக்கும் முப்பது வயது. ரத்னம் இதுவரை கல்யாணங்கள் நடத்தியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பேர் வைத்திருக்கிறார். சாவு வரவில்லை. சாவு வரும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அந்தச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது.

"நான் ஏழெட்டு இடத்துக்குப் போன் பண்ணிட்டேன் சிஸ்டர்" என்றார் மெதுவாக. "எல்லாக் கல்லறையும் ஏதாவது ஒரு சபைக்குச் சொந்தம். மெம்பரான்னுதான் முதல்ல கேக்கறாங்க. பட்டன்சேரு பக்கம் நம்ம விசுவாசி ஒருத்தருக்கு நிலம் இருக்கு. அவரு சரின்னார். அவரோட தம்பி, விளையற நிலத்துல பொணத்தைப் புதைக்க விடமாட்டேங்கறாரு."

"பேகம்பேட்ல இருந்து ஃப்ளைட்ல ஊருக்கு அனுப்பலாமே?" என்று யாரோ சொன்னார்கள். "தூத்துக்குடியில உங்க குடும்பக் கல்லறை இருக்குல்ல?"

"நான் ஃப்ளைட் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. ரயிலும் கூடாதாம். நான் இல்லாம எம்பிள்ளையப் பார்சல் பண்ணிருவீங்களா?" ஆக்னஸின் குரல் உயரவில்லை. "இந்த ஊர்ல வேணும். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வர்ற தூரத்துல வேணும். வேற ஒண்ணும் கேக்கல. பாடம் வேண்டாம். இடம் வேணும்."

சகுந்தலா சமையலறையிலிருந்து காபி டம்ளரோடு வந்தாள். "ஏன் செல்வின், செகந்திராபாத்ல பழைய தமிழ் சர்ச் இருக்கே. நீங்க முன்னாடி அங்கதானே போயிட்டிருந்தீங்க? அவங்களுக்கு இடம் இருக்குமே?"

செல்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

*

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தச் சபையின் பொதுக்கூட்டத்தில் நடந்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. மழையில் கல்லறைத் தோட்டத்து மதில் இடிந்துவிட்டது. புதிதாகக் கட்ட வேண்டும் என்று கல்லறைக் கமிட்டிச் செயலாளர் தேவசகாயம் எழுந்து நின்று கெஞ்சினார். செல்வின் மைக்கை வாங்கினான்.

"செத்தவங்க என்ன, சுவர் ஏறிக் குதிச்சு ஓடிப்போயிருவாங்களா? இது சபையா, சுடுகாட்டு மெயின்டனன்ஸ் ஆபீசா?"

இளவட்டங்கள் கைதட்டிச் சிரித்தன. தேவசகாயம் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே செல்வின் தன் பேரை அடித்துவிடச் சொல்லி, ஏழெட்டுக் குடும்பங்களோடு வெளியே வந்தான். அதுதான் ரத்னத்தின் சபை.

"கிளம்புங்க" என்றாள் ஆக்னஸ். அவளுக்கு எல்லாம் தெரியும். "அவரு செருப்பால அடிச்சாலும் வாங்கிட்டு வாங்க."

*

தார்நாகாவில் தேவசகாயத்தின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்து நாலு வயது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேஜையில் தனியாக உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாரும்வே, பிரசங்கியாரே. கைக்கு வந்தீரு? மதில் இன்னும் இடிஞ்சுதான் கெடக்கு. பார்த்துட்டுப் போவலாம்னு வந்தீரோ?"

பாளையங்கோட்டைத் தமிழில் ஹைதராபாத் வந்து ஒட்டிக்கொண்டு நாற்பது வருஷம் ஆகிறது அவருக்கு; எதுக்கு என்பது 'கைக்கு', ஆமாம் என்பது 'ஹவ்', வேண்டாம் என்பது 'நக்கோ'.

கூட வந்த தியாகுதான் சொன்னான்.

கிழவரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எழுந்து போய்க் கை கழுவினார். சோறு பாதி அப்படியே இருந்தது.

"எத்தன வயசு?"

"அஞ்சு."

"ம்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்தார். "தம்பி, கோவத்துல சொல்லுதேன்னு நினைக்காதீரும். எடம் இல்ல. ஹவ், நெசமாவே இல்ல. புதுக்குழி தோண்டுறத நிப்பாட்டி வருஷம் ஆச்சு. இப்ப பழைய குழியத் தொறந்துதான் வைக்கோம். அப்பா குழியில மகன், புருஷன் குழியில பொண்டாட்டி. உமக்கு இந்த ஊர்ல யாரு செத்திருக்கா?"

"யாரும் இல்ல சார்."

"அதான் கஷ்டம்."

"சார், உங்க கால்ல வேணும்னாலும்..."

"நக்கோ நக்கோ. கால்ல விழுந்தா மண்ணு அகலமாயிருமா?" எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தியாகு செல்வினின் தோளைத் தொட்டான். "போலாங்ணா."

படியிறங்கிக் காரைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். தேவசகாயம் சட்டை மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். "வண்டிய எடும்வே. போய்ப் பார்ப்போம். மூணடி பிள்ளதான."

*

இடிந்த மதில் வழியாக ஆடுகள் உள்ளே வந்து மேய்ந்துகொண்டிருந்தன. செல்வின் அந்தத் தோட்டத்துக்கு இதற்கு முன் வந்ததே இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கால் வைக்கத்தான் வழி இருந்தது.

குழி தோண்டும் யாதகிரி கடப்பாரையோடு வந்தான். தேவசகாயம் வேப்பமரத்தடியைக் காட்டினார். யாதகிரி தலையை ஆட்டினான். மதிலோரத்தைக் காட்டினார். "நை சாப்" என்றான். எங்கே குத்தினாலும் யாராவது ஒருவரின் எலும்பு வரும் என்று பாதித் தெலுங்கிலும் பாதி இந்தியிலும் சொன்னான். இரண்டு இடத்தில் குத்தியும் காட்டினான். இரண்டாவது இடத்தில் கடப்பாரை எழுப்பிய சத்தம் கல்லில் பட்ட சத்தமாக இல்லை. தியாகு போய் மரத்தடியில் வாந்தி எடுத்தான்.

செல்வின் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்குப் போய் ஆக்னஸிடம் என்ன சொல்வது? மண்டைக்குள் நிறையப் பாடங்கள் இருந்தன. ஒன்றையும் அவளிடம் எடுத்துப் போக முடியாது.

தேவசகாயம் தனியாக நடந்துபோய் மூன்றாவது வரிசையில் ஒரு கல்லறை முன்னால் நின்றார். வெகு நேரம் நின்றார். ஜெபம் பண்ணுகிறார் என்று செல்வின் நினைத்தான்.

"யாதகிரி! இதர் ஆவ். இத கோலோ."

திறக்கச் சொன்ன கல்லறையை யாதகிரி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் தயங்கினான். "சாப், ஏ தோ ஆப்கா..."

கல்லில் 'ஜலஜா ரூத் தேவசகாயம்' என்று இருந்தது. அதற்குக் கீழே பாதிக் கல் எழுத்தில்லாமல் வழவழவென்று இருந்தது. இன்னொரு பேருக்காக விட்ட இடம்.

"சார், வேண்டாம்" என்றான் செல்வின். "இது உங்க..."

"இப்ப தொறந்தா இன்னும் பதினாலு வருஷம் தொறக்கக் கூடாது. கமிட்டி ரூல். நாந்தான் போட்டேன்." கிழவர் மூக்கை உறிஞ்சினார். "அது வரைக்கும் நான் இருக்கப் போறதில்ல. தெரியும்."

"அப்போ நீங்க?"

"எங்கயாவது போடுவாங்க. கரண்ட்டுல எரிச்சாலும் சரிதான். உமக்கென்ன வே?"

"கமிட்டி ஒத்துக்குமா சார்?"

"கமிட்டில மூணு பேரு. ஒருத்தருக்குக் காது கேக்காது, ஒருத்தரு கலிபோர்னியால மக வீட்டுல. மிச்சம் நாந்தான். போய்ப் பிள்ளையக் கொண்டாரும். வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கணும்."

*

ஆக்னஸை சகுந்தலா தன் மாருதியில் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் பிள்ளையின் வெள்ளைப் பெட்டி ஆக்னஸின் மடியில், வயிற்றுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. அவள் யாரிடமும் அதைக் கொடுக்கவில்லை.

பாடினார்கள். டிரம்ஸ் இல்லாமல் அந்தக் குரல்கள் மெலிதாக இருந்தன. ரத்னம் ஜெபித்தார், பாதியிலேயே நிறுத்திவிட்டார். பிறகு வழக்கத்தை விடாமல் செல்வின் பக்கம் திரும்பினார்.

"பிரதர், ரெண்டு வார்த்தை சாட்சி. எல்லாருக்கும் பெலனா இருக்கும்."

இளைஞர்கள் அவனையே பார்த்தார்கள். தியாகுவும் பார்த்தான். இந்த மனுஷன் இப்போது என்ன சொல்லப் போகிறான் என்பதில்தான் தங்கள் விசுவாசமே நிற்பதுபோலப் பார்த்தார்கள். செல்வின் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. ஆண்டவர் நல்லவர் என்று சொல்ல நினைத்தான். அதுவும் வரவில்லை.

"தலை எந்தப் பக்கம் வைக்கணும்?" என்றுதான் கேட்டான்.

"மேற்கால" என்றார் தேவசகாயம். "எந்திரிக்கிற அன்னிக்கு நேரா சூரியனப் பார்த்து எந்திரிக்கணும்ல. பிள்ள முழிச்சதும் சுவரையா பார்க்கும்?"

ஆக்னஸின் கைகள் பெட்டியிலிருந்து மெதுவாக விலகின. யாதகிரி வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். முதல் மண் விழுந்தபோதுதான் அவள் கத்தினாள். அந்தக் கத்தலில் ஆடுகள் மிரண்டு மதில் இடிசல் வழியாக வெளியே ஓடின. சகுந்தலா அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்தது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் வசனம் சொல்லவில்லை. தியாகு செல்வினிடம் ஏதோ கேட்க வந்து, கேட்காமலே பைக்கை எடுத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் உண்டா என்று கேட்க வந்திருப்பான்.

தேவசகாயம் மண்மேட்டின் மேல் குனிந்து சிறு கற்களைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். ஆக்னஸ் சகுந்தலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். அப்போதுதான் அந்தக் கல்லிலிருந்த பேரைப் படித்தாள்.

"ஐயா, இது உங்க வீட்டு அம்மாவா?"

"ஆமா தாயி."

"நாளைக்கு உங்க பிள்ளைங்க வந்து, எங்கம்மா குழியில யாரு பிள்ளையக் கொண்டு வச்சீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? உங்களுக்கு வம்பாயிறாதா?"

கிழவர் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கேக்க ஒருத்தரும் இல்ல தாயி, சாகுற வரைக்கும் பிள்ள வேணும் பிள்ள வேணும்னே கேட்டுட்டு இருந்தவகிட்ட இன்னைக்குத்தான் ஒண்ணக் கொண்டாந்து குடுத்திருக்கேன்."